மார்கழி வெள்ளமும் ஒரு மண்டலப் பணியும்

பதிவு கொஞ்சம் நீளம். கார்த்திகை நெருங்குகிறது, அடுத்து மார்கழி. அதற்குள் நம் ஆலய அன்பர்கள் எல்லாரும் ஒருமுறை படித்துவிட்டால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

மார்கழி என்றால் நமக்குத் திருப்பாவை, திருவெம்பாவை, விடியற்காலைப் பூஜை, தொன்னையில் சுடச்சுடப் பொங்கல். மலேசியாவில் மார்கழிக்கு இன்னொரு முகமும் உண்டு. வெள்ளம்.

இந்தத் தேதிகளைப் பாருங்கள். 1926 டிசம்பர் கடைசி. 1971 ஜனவரி 5. 2006 டிசம்பர், அதைத் தொடர்ந்து 2007 ஜனவரி. 2014 டிசம்பர். 2021 டிசம்பர் 18. பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அத்தனையும் மார்கழியில்தான் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும்; அதன் உச்சம் டிசம்பர், ஜனவரி. பினாங்கு மாதிரி சில இடங்களில் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில், ஐப்பசியிலேயே புயலும் வெள்ளமும் வந்தது. ஆனால் பெரிய வெள்ளங்கள் பெரும்பாலும் மார்கழிக்குக் காத்திருந்துதான் வந்திருக்கின்றன.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். தண்ணீர் வடிய சில நாள் ஆகும். நிவாரண மையம் மூட ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒரு குடும்பம் பழையபடி எழுந்து நிற்கப் பல மாதம் ஆகும். நாம் கூட்டமாகப் போய் நிற்பது முதல் மூன்று நாள். இந்தக் கணக்கு சரியாக வரவில்லை. நூறு வருஷக் கதையைப் பார்த்தால் ஏன் வரவில்லை என்று புரியும்.

1926: தோட்டத்து லயம்

1926-ல் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நம் தாத்தா பாட்டிகள் பேசிப் பேசி மாய்ந்த ரஜூலா கப்பல் கட்டப்பட்டதும் அந்த ஆண்டுதான். ரப்பர் விலை நன்றாக இருந்த காலம். தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த டிசம்பர் கடைசியில் வந்தது, தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பாதித்த வெள்ளம். கிளந்தான், திரங்கானு, பகாங், பேராக், சிலாங்கூர் எதுவும் தப்பவில்லை. கிளந்தான் மக்கள் அதை இன்றைக்கும் 'பா மேரா', சிவப்பு வெள்ளம் என்கிறார்கள். மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீரின் நிறம் அது. கோலாலம்பூர் நகரத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு அப்போது என்ன சேதம் என்று யோசித்துப் பாருங்கள். வீடு அவர்களுடையது இல்லை, லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தண்ணீர் புகுந்தால் போவது ஒரு டிரங்குப் பெட்டி, பாய், இரண்டு சட்டி, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டை. லயத்தைத் திருப்பிக் கட்டுவது தோட்டத்தின் பொறுப்பு, ஏனென்றால் ஆள் இல்லாமல் பால் இல்லை. ஆனால் மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாது. பெரட்டில் பேர் விழுந்தால்தான் சம்பளம். மழை எத்தனை நாளோ அத்தனை நாள் கடையில் கடன். தண்ணீர் வடிந்தது, கடன் வடியவில்லை.

அரசாங்கம் அந்த வெள்ளத்திலிருந்து பாடம் படித்தது. கோலாலம்பூரில் கிள்ளான் ஆற்றை நேராக்கும் வேலை அதற்குப் பிறகு நடந்தது. 1932-ல் வடிகால், நீர்ப்பாசன இலாகா உருவானது. ஆற்றுக்குக் கவனிப்பு கிடைத்தது. லயத்துக் குடும்பம் எப்படி மீண்டது என்பதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. அது பாட்டிமார் வாய்மொழியாக வந்தது, அவர்களோடு போயும் விட்டது.

1971: நனைந்த காகிதங்கள்

1970 டிசம்பர் கடைசியில் தொடங்கிய மழை 1971 ஜனவரி முதல் வாரம் வரை விடவில்லை. ஜனவரி 5-ஆம் தேதி பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். கோலாலம்பூரில் மட்டும் 32 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். பகாங் ஆற்றுப் பக்கமும் பெருஞ்சேதம்.

இந்த வெள்ளத்தை நம் சமூகத்தின் கண்ணால் பார்க்க, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலானது. நீலக் கார்டு இருந்தால் குடிமகன், சிவப்புக் கார்டு என்றால் நிரந்தரவாசி மட்டும். பல்லாண்டு இங்கேயே உழைத்த ஆயிரக்கணக்கானவர்கள் பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பலர் பட்டணத்துப் பக்கம் வந்து ஆற்றோரத்திலும் ரயில் தண்டவாள ஓரத்திலும் பலகை வீடு போட்டுத் தங்கினார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்த வேலைச் சான்று எல்லாம் காகிதம். 'நான் இந்த நாட்டில் பிறந்தவன்' என்று நிரூபிக்க அது ஒன்றுதான் இருக்கிறது, அது நனைந்து கரைந்து போனால் அடுத்து யாரிடம் போய் நிற்பது? சோறு ஒரு வேளைக்கு யாரும் போடுவார்கள். காகிதம் யார் போடுவார்கள்?

அரசாங்கம் இந்த முறையும் பெரிய வேலைகளை எடுத்தது. அந்த ஆண்டே நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைத்தார்கள். 1972-லிருந்து வெள்ளத்தடுப்பு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பானது. 1958-ல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணையை உயர்த்தினார்கள், பத்து அணை வந்தது. 2007-ல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கமும் வந்தது. இவை நல்ல வேலைகள்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் காகிதத்தைக் காப்பாற்றும் வேலையை அணை செய்யாது, சுரங்கம் செய்யாது. அது பக்கத்து வீட்டுக்காரனும் ஆலயமும் செய்ய வேண்டிய வேலை.

2006, 2014: இரண்டு எச்சரிக்கை

நடுவில் நடந்த இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2006 டிசம்பரில் ஜொகூர் மூழ்கியது. கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, மெத்தையை வெயிலில் போட்டு முடிப்பதற்குள் 2007 ஜனவரி நடுவில் இரண்டாவது தடவை வந்தது. கழுவிய வீட்டையே திரும்பக் கழுவினார்கள். முதல் வெள்ளத்துக்குக் கிடைத்த உற்சாகமான உதவி இரண்டாவதற்கும் அதே வேகத்தில் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. கைக்காசு எல்லாம் முதல் தடவையே காலி.

2014-ல் கிளந்தான், திரங்கானு, பகாங். வெளியேறியவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். குவாலா கிராய் வட்டாரத்தில் நிவாரண மையமாக இருந்த பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே தண்ணீர் ஏறியது. தஞ்சம் தேடிப் போன இடத்திலிருந்தே மேல்மாடிக்கு ஓட வேண்டிய நிலை. கிளந்தானின் ஒரே தமிழ்ப்பள்ளியான பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் நம் குடும்பங்கள் உண்டு. அந்தப் பேரிடருக்குப் பிறகு 2015-ல் 'நட்மா' எனும் தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பு வந்தது.

இந்த இரண்டும் சொல்வது என்ன? வெள்ளம் ஒரு தடவையோடு நிற்கும் என்று நம்பாதே. முகாம் என்று போன இடமும் பத்திரம் என்று நம்பாதே.

2021: ஸ்ரீ மூடா

இது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. டிசம்பர் 16 மார்கழி பிறந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று தென்சீனக் கடல் பக்கமிருந்து தீபகற்பத்தைக் கடந்தது. 17 வெள்ளிக்கிழமை பிடித்த மழை 18 சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது என்றார்கள். 20-ஆம் தேதி திருவாதிரை. ஆருத்ரா தரிசனத்துக்குக் களி கிண்ட வேண்டிய நாளில் பல ஆலயங்களில் பெரிய அண்டாவில் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சோறு வெந்தது.

ஷா ஆலம் 25-ஆவது செக்‌ஷன், தாமான் ஸ்ரீ மூடா. நிறைய இந்தியக் குடும்பங்கள் இருக்கிற இடம். தோட்டத்தை விட்டு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், தொழிற்சாலையில் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கியவர்கள். கிள்ளான் ஆற்றுக்குப் பக்கத்தில் கிண்ணம் மாதிரி தாழ்ந்த நிலம். கரை கட்டி, நீர்க்கதவு வைத்து, பம்பு போட்டுத்தான் உள்ளே விழும் மழையை வெளியே தள்ள முடியும். கடல் ஏற்றத்தில் ஆறு உயர்ந்து நிற்கும்போது கதவைத் திறந்தால் ஆறு உள்ளே வரும். மூடினால் மழைத்தண்ணீர் வெளியே போகாது. அந்த இரண்டு நாள் மழைக்கு எதுவும் தாங்கவில்லை. மக்கள் கூரைமேல் ஏறி ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் தாங்களாகவே இறங்கினார்கள்.

நாடு முழுக்க 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புள்ளிவிவர இலாகா போட்ட கணக்கில் மொத்தச் சேதம் 610 கோடி ரிங்கிட். அதில் பாதி சிலாங்கூரில். குடியிருப்பு வீடுகள் மட்டும் 160 கோடி, வாகனங்கள் 100 கோடி. வாகனம் என்றால் பென்ஸ் கார் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போகிற மோட்டார், சாப்பாடு டெலிவரி செய்கிற மோட்டார், நாசி லெமாக் விற்கிற வேன். அது நின்றால் மறுநாள் வருமானமும் நின்றது.

உதவிக்குக் குறையில்லை. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்தார்கள். மசூதி, தேவாலயம், நம் ஆலயங்கள், சீன சங்கங்கள் எல்லாம் இறங்கின. இனம் மதம் யாரும் கேட்கவில்லை. நம் நாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அந்த வாரம் போதும்.

அதற்கு அடுத்த வாரங்கள்தான் கஷ்டம். தொண்டு செய்யப் போனவர்களுக்குத் தெரியும். வெள்ளச் சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ள வேண்டும். காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகும். இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அதை யார் தள்ளுவது? பலகை அலமாரி ஊதி வெடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி மிதந்து குப்புற விழுந்திருக்கும். வீட்டுக்கு வெளியே தெரு முழுக்கச் சாமான் மலை, லோரி வந்து அள்ளுகிற வரை நாற்றம். சேற்றில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அப்போது முகாம் டாக்டர் போயிருப்பார்.

இன்னொன்று, பட்டியல். பிபிஎஸ் எனும் அரசாங்க நிவாரண மையத்தில் தங்கியவர்களின் பெயர் சமூகநல இலாகாவின் பதிவில் ஏறிவிடும். ஆலய மண்டபத்திலும் மாமன் மச்சான் வீட்டிலும் ஒதுங்கியவர்கள், அப்போது கொடுத்த 1,000 ரிங்கிட் உதவிக்குக்கூடத் தனியாக அலைந்து உறுதி வாங்க வேண்டியிருந்தது. நம் மண்டபத்தில் நாம் அன்பாகத்தான் வைத்துக்கொள்கிறோம். ஆனால் பெயரை எழுதி மாவட்ட அதிகாரியிடம் கொடுக்காவிட்டால், அந்த அன்பே அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடும்.

பாலாலயம்

ஆலயத்தில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ அத்திப்பலகையிலோ ஆவாகனம் செய்து ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். அங்கேயும் தினப்பூஜை உண்டு, விளக்கு உண்டு, நைவேத்தியம் உண்டு. ஆனால் பாலாலயம் ஆனவுடன் வேலை முடிந்தது என்று யாராவது வீட்டுக்குப் போவார்களா? அங்கிருந்துதான் வேலையே ஆரம்பம். கல் வேலை, வர்ணம், கும்பாபிஷேகம், அதற்குப் பிறகும் 48 நாள் மண்டலாபிஷேகம்.

நிவாரண முகாம் ஒரு குடும்பத்தின் பாலாலயம். அங்கே சோறு போடுவது தினப்பூஜை மாதிரி, அவசியம். ஆனால் அவர்கள் வீடுதான் கருவறை. அங்கே அடுப்பு எரிந்து, பிள்ளை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நாள்தான் கும்பாபிஷேகம். நாம் பாலாலயத்தோடு திரும்பிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

2021 டிசம்பர் 18-லிருந்து 48 நாள் எண்ணினால் 2022 பிப்ரவரி 3 வரும். நடுவில் 28-ஆம் நாள் பொங்கல் வந்தது, 32-ஆம் நாள் தைப்பூசம் வந்தது. எத்தனையோ வீட்டில் அந்தப் பொங்கல் கடன் வாங்கிய பானையில் பொங்கியது. அந்த 48 நாளும் யாராவது ஒருவர் கதவைத் தட்டி "என்னம்மா, என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால், அதுதான் உண்மையான மண்டலப் பூஜை.

இந்த ஆண்டு செய்யக்கூடியது

பெரிய பணம் வேண்டியதில்லை. நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, காகிதம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்ரீ மூடாவில் பல வீடுகளில் தப்பியது சுவரில் உயரமாக மாட்டியிருந்த சாமி மேடைதான். பையை அங்கே வையுங்கள், விளக்குக்குத் தள்ளி! காணாமல் போன அடையாளக் கார்டுக்குத் தேசியப் பதிவு இலாகா பேரிடர் காலத்தில் கட்டண விலக்கு தருகிறது. ஆனால் சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள், பத்திரம் சரியாக இல்லாத பிள்ளைகள் ஆகியோருக்கு ஒவ்வொரு பழைய காகிதமும் பொன். அவர்கள் வீட்டுக்கு நாமே போய் நகல் எடுத்துக் கொடுப்போம்.

இரண்டு, பட்டியல். நம் வட்டாரத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் யார், எந்தத் தெரு? இது மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மண்டபத்தில் யாராவது தங்கினால் முதல் ராத்திரியே பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி எழுதி மாவட்ட அலுவலகத்துக்கும் சமூகநல இலாகாவுக்கும் கொடுத்துவிட வேண்டும். நம் மண்டபம் இருக்கும் இடமே மூழ்கினால் அடுத்து எங்கே போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

மூன்று, கருவி. மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, அழுத்தத் தண்ணீர் பம்பு, தள்ளுவண்டி. அன்னதான அண்டா எல்லா ஆலயத்திலும் இருக்கிறது, சேறு தள்ளும் கட்டை எத்தனை ஆலயத்தில் இருக்கிறது? பழைய துணி மூட்டை மூட்டையாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: பட்டுப்புடவையும் கோட்டும் வேண்டாம். புது உள்ளாடை, துண்டு, பாய், கேஸ் அடுப்பு, பள்ளிச் சீருடை வேண்டும். கம்பி வேலை தெரிந்த அன்பர்கள் பெயர் கொடுங்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் டிஎன்பியோ பதிவுபெற்ற வயர்மேனோ பார்க்காமல் மெயின் சுவிட்சை ஏற்றக்கூடாது.

நான்கு, மண்டலக் கணக்கு. வெள்ள நிதி என்று வசூலித்தால் பாதியை முதல் வாரத்துக்கும் பாதியை அடுத்த 40 நாளுக்கும் பிரித்து வைப்போம். தொண்டர்களும் அப்படியே. முதல் நாளே எல்லாரும் ஓடி வந்து களைத்துப் போக வேண்டாம். 5 பேர் 10-ஆம் நாள் போகட்டும், 5 பேர் 20-ஆம் நாள் போகட்டும். கடைசி ஆள் 48-ஆம் நாள் போய், அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும்.

மாரி என்றால் மழை. மழையைத்தான் தாயாகக் கும்பிடுகிறோம், தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் முதலில் எழுந்தது அவள் கோயில்தான். அவளிடம் மழையே வேண்டாம் என்று கேட்க முடியாது. மழை வந்தபோது ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ளும் புத்தி கொடு என்று கேட்கலாம்.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் தொண்டர் மேசைக்கு வாருங்கள். இளைஞர்கள் கட்டாயம் வாருங்கள், பெரியவர்கள் 1971 கதை தெரிந்தால் வந்து சொல்லுங்கள். இந்தத் தடவை எழுதி வைத்துக்கொள்வோம்.

அம்மன் துணை.